வாயுவும் பள்ளத்தை நோக்கித்தான் பாயும்

கேமரன் மலையில் ஒரு நாளாவது விடியற்காலையில் எழுந்து வெளியே வந்திருந்தால், இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுங்கை பாலாஸ் பக்கம் தேயிலைச் சரிவில் பனிமூட்டம் மெல்ல நகர்கிறது. நிரைகளுக்கு நடுவே நுழைந்து, மண்பாதையைக் கடந்து, கடைசியில் பள்ளத்தில் போய்த் தேங்கி நிற்கிறது. மேட்டில் வெளிச்சம் வந்த பிறகும் பள்ளத்து வீடுகள் வெள்ளைக்குள் மூழ்கிக் கிடக்கும். இரவில் குளிர்ந்த காற்று எடை கூடித் தண்ணீரைப் போலச் சரிவில் இறங்குவதால் வரும் வேடிக்கை இது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பனிமூட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அது தேவைப்படும். அதற்கு முன் மலையை விட்டு இறங்கி, சிலாங்கூருக்குப் போய்வருவோம்.

2025 ஏப்ரல் 1. நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை 8 மணி தாண்டிச் சில நிமிடங்களில், புத்ரா ஹைட்ஸில் நிலத்துக்கடியில் ஓடிய பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்தது. பல மாடி உயரத்துக்கு எழுந்த தீயைப் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் மக்கள் பார்த்தார்கள். தீ தொடாத வீடுகளிலும் வெப்பம் பட்டே கூரை சரிந்தது, கார்களின் பிளாஸ்டிக் உருகி வழிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வெடித்த இடத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. மூன்று மாதம் கழித்து, ஜூன் 30-ஆம் தேதி விசாரணையின் முடிவு வெளியானது. நாச வேலை எதுவுமில்லை. குழாயைத் தாங்கியிருந்த மண் இளகியிருந்தது. தாங்கும் வலு குறைந்த இடத்தில் குழாய் திரும்பத் திரும்ப அசைந்து, பற்றவைத்த இணைப்பு தளர்ந்து முறிந்தது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அது முறியும் அல்லவா, அதே கதைதான்.

அன்று தொலைக்காட்சியில் பார்த்த பலரும் ஒரு கேள்வி கேட்டார்கள். இத்தனை தீயணைப்பு வண்டிகள் நிற்கின்றனவே, ஏன் தீயை அணைக்கவில்லை? பிற்பகல் 3.45 வாக்கில்தான் தீ முழுவதும் அடங்கியது. வீரர்கள் சும்மா நிற்கவில்லை. சுற்றியிருந்த மக்களை வெளியேற்றினார்கள், தீ பரவாமல் தடுத்தார்கள். குழாயின் அடைப்பான்கள் மூடப்பட்டன. உள்ளே எஞ்சியிருந்த வாயு எரிந்து தீரும்வரை காத்திருந்தார்கள். அதுதான் சரியான முறை. எரிகிற வாயு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. சுடரை அணைத்துவிட்டு வாயுவை மட்டும் கசிய விட்டால், அது எங்கே போய்த் தேங்கி, எந்தப் பொறியில் பற்றும் என்று எவருக்கும் தெரியாது. முதலில் வாயுவை நிறுத்த வேண்டும், பிறகுதான் தீ. உங்கள் வீட்டு அடுப்படிக்கும் இதே விதிதான். தோம்பின் வாயில் தீப்பிடித்து, அடைப்பானை எட்ட முடியாத நிலை என்றால், அந்தச் சுடரை ஊதியோ சாக்கு போட்டோ அணைக்கப் பார்க்காதீர்கள். வெளியேறுங்கள்.

சரி, மலைக்குத் திரும்புவோம்.

திரெங்கானுவின் கெர்த்தேயில் தொடங்கித் தீபகற்பம் முழுக்க 2,500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தக் குழாய்த்தொடர் கேமரன் மலைக்கு ஏறி வருவதில்லை. 1929-இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டமானாலும், பிரிஞ்சாங் கடைத்தெருவானாலும், கம்போங் ராஜா காய்கறித் தோட்டமானாலும் இங்கே எரிவாயு வருவது லாரியில், தோம்பில். “அப்படியானால் புத்ரா ஹைட்ஸ் கதை நமக்கு எதற்கு?” என்று நீங்கள் கேட்டால், இரண்டும் ஒரே வாயு இல்லை என்பதால்தான் என்பேன். குழாயில் ஓடுவது பெரும்பாலும் மீத்தேன். தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். பெயர்தான் இரண்டுக்கும் ‘கேஸ்’. நடத்தை நேர் எதிர்.

வேதியியல் பாடத்தில் படித்த மூலக்கூறு எடையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நாம் மூச்சு விடும் காற்றின் சராசரி மூலக்கூறு எடை சுமார் 29. மீத்தேன் 16. ஆகவே மீத்தேன் கசிந்தால் மேலே போகும். கூரையைத் தேடும், திறந்த வெளியில் வானத்தைத் தேடும். புரோப்பேன் 44, பியூட்டேன் 58. இவை இரண்டும் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். தரையில் படியும், கதவுக்குக் கீழே உள்ள இடைவெளியில் நழுவும், படி இறங்கும், கால்வாயில் ஓடும். அந்த விடியற்காலைப் பனிமூட்டத்தைப் போலவே. ஒரே வித்தியாசம், பனிமூட்டம் கண்ணுக்குத் தெரியும்.

தோட்டத்து லயங்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று இப்போது யோசித்துப் பாருங்கள். சரிவில் படிப்படியாக, ஒரு வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசை. நடுவில் மழைத்தண்ணீர் ஓடும் கால்வாய். மேல் லயத்தில் கசிந்த வாயு கால்வாயில் இறங்கிக் கீழ் லயத்துக் கொல்லையில் போய் நிற்கலாம். கசிவு ஒரு வீட்டில், அடுப்பு மூட்டுவது இன்னொரு வீட்டில். கேட்க மிகையாகத் தோன்றினால் தைவானில் நடந்ததைக் கேளுங்கள்.

காவ்சியுங் நகரில் 2014 ஜூலை 31 இரவு. ஒன்பது மணிக்கு முன்பே தெருவில் வாயு நாற்றம் அடிப்பதாகத் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போய்விட்டது. வீரர்களும் வந்துவிட்டார்கள். கசிந்தது புரோப்பீன். அதுவும் காற்றைவிடக் கனமான வாயுதான். நிலத்தடி வடிகால் வழியாகச் சென்ற குழாய் அரித்துப்போய் ஓட்டை விழுந்திருந்தது. வாயு அந்த வடிகாலுக்குள்ளேயே தெருத் தெருவாகப் பரவியது. எந்த வாயு, யாருடைய குழாய் என்று தேடுவதிலேயே மூன்று மணி நேரம் கழிந்தது. நள்ளிரவை ஒட்டி வடிகால் நெடுகிலும் அடுத்தடுத்து வெடித்துச் சாலைகள் பிளந்து நின்றன. 32 பேர் இறந்தார்கள், அவர்களில் தீயணைப்பு வீரர்களும் உண்டு. நாற்றம் எச்சரித்தது, ஆட்கள் வந்தார்கள், நேரமும் இருந்தது. அக்கம்பக்கத்து மக்களை மட்டும் உரிய நேரத்தில் வெளியேற்றவில்லை.

நாற்றம் என்றதும் இன்னொன்று. எரிவாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. நீங்கள் முகர்வது, வேண்டுமென்றே அதில் கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மம். அதற்கு ஒரு பள்ளிக்கூடத்தின் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், 1937 மார்ச் 18 அன்று, பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன் கட்டடத்துக்கு அடியில் தேங்கிய வாயு வெடித்தது. கைத்தொழில் அறையில் ஓர் இயந்திரத்தின் விசையைப் போட்டபோது எழுந்த பொறிதான் காரணம் என்று முடிவானது. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர், பெரும்பாலோர் உங்கள் வயதுப் பிள்ளைகள். வாயு வெகு நேரமாகக் கசிந்திருந்தும் எவர் மூக்குக்கும் எட்டவில்லை. அதற்குப் பிறகுதான் டெக்சஸ் மணமூட்டுவதைச் சட்டமாக்கியது. மற்ற இடங்களும் பின்தொடர்ந்தன.

மலேசியர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, சிரிக்காமல் கேளுங்கள். டுரியான் பழத்தின் வாசத்திலும் இதே எத்தில் மெர்காப்டன் உண்டு. 2018 ஏப்ரலில் மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை வாயுக்கசிவு என்று வெளியேற்றினார்கள். முகமூடி அணிந்து தேடிய தீயணைப்பு வீரர்களுக்குக் கிடைத்தது, அலமாரியில் அழுகிக் கிடந்த ஒரு டுரியான். பலர் இதை நகைச்சுவையாகப் பகிர்ந்தார்கள். எனக்கு அந்த நூலகத்தார்மேல் மரியாதைதான் வந்தது. சந்தேகம் வந்தவுடன் முதலில் ஆட்களை வெளியே அனுப்பினார்கள், காரணத்தைப் பிறகு தேடினார்கள். காவ்சியுங்கில் நடந்ததோ இதற்குத் தலைகீழ்.

எவ்வளவு வாயு கசிந்தால் ஆபத்து? ஒரு கணக்குப் போடுவோம். 3 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர் உள்ள ஒரு சமையலறை. கன அளவு 22.5 கன மீட்டர். தோம்பு வாயு காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும். 22.5-இல் 2 விழுக்காடு 0.45 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தோம்பு வாயுவின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஆக, ஒரு கிலோ வாயு போதும், அறை முழுவதும் வெடிக்கும் கலவையாகிவிடும். வீட்டுத் தோம்பில் 14 கிலோ இருக்கிறது. இன்னொன்று, நாம் போட்ட கணக்கு வாயு அறை முழுக்கச் சீராகக் கலந்ததாக வைத்துப் போட்டது. உண்மையில் அது தரையோடு படிவதால், ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கசிந்தாலே முழங்கால் உயரத்துக்குக் கீழே ஆபத்து தொடங்கிவிடும். நின்றுகொண்டிருக்கும் உங்கள் மூக்குக்கு லேசாகத்தான் தெரியும். தரையில் தவழும் தம்பிப் பாப்பாவைச் சுற்றி அது அடர்த்தியாக இருக்கும்.

தோம்பைப் படுக்க வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். நிமிர்ந்து நிற்கும் தோம்பில் மேலே வாயு, கீழே திரவம். சாய்த்துவிட்டால் அடைப்பான் வழியாகத் திரவமே வெளியேறலாம். ஒரு லிட்டர் திரவம் விரிந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயு. மோட்டார் சைக்கிளில் தோம்பைக் குறுக்கே படுக்கப் போட்டு வளைவுகளில் ஏறி வருகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

மலையின் குளிரும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அதைத் தோம்பைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். கோயில் திருவிழாவுக்குப் பெரிய அண்டாவில் சமைக்கும்போது தோம்பின் வெளிப்புறம் வியர்த்துச் சில்லென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி, பியூட்டேனுக்குச் சுழியை ஒட்டி, மைனஸ் அரை டிகிரி. அதனால் குளிர் இரவில் பியூட்டேன் சோம்பிப்போகும், அழுத்தம் குறையும், சுடர் சிறுக்கும். உடனே யாராவது ஒருவர் வெந்நீர் ஊற்றச் சொல்வார், இன்னொருவர் பக்கத்தில் கரியடுப்பை நகர்த்துவார். இரண்டுமே கூடாது. சூடேறினால் உள்ளே அழுத்தம் கிடுகிடுவென ஏறும். ஸ்டீம்போட் சாப்பிடக் கூடும்போது மேசையில் வைக்கும் சிறிய அடுப்பிலும் இதைக் கவனியுங்கள். அடுப்பைவிட அகலமான சட்டியை வைத்தால், அதன் வெப்பம் பக்கத்தில் உள்ள பியூட்டேன் குப்பியின் மேல் இறங்கும். குப்பி வெடிப்பதற்கு அது போதும்.

அழுத்தம் என்ன செய்யும் என்பதை இலங்கை 2021-இல் கற்றது. அந்த ஆண்டு இறுதியில், மலையகத் தேயிலைத் தோட்டங்கள் உட்பட நாட்டின் பல பகுதிகளில் எரிவாயு அடுப்புகளும் இணைப்புக் குழாய்களும் அடுத்தடுத்து வெடித்தன. உயிரிழப்புகளும் நேர்ந்தன. மக்கள் விறகடுப்புக்குத் திரும்பினார்கள். அதிபர் நியமித்த குழு ஆராய்ந்து, வாயுக் கலவை மாற்றப்பட்டதே முதன்மைக் காரணம் என்றது. பியூட்டேன் மிகுந்திருந்த கலவையில் புரோப்பேனின் பங்கு கூட்டப்பட்டிருந்தது. 25 டிகிரி வெப்பத்தில் புரோப்பேனின் ஆவியழுத்தம் பியூட்டேனைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. வீட்டில் இருந்தது அதே பழைய ரப்பர் குழாய், அதே தளர்ந்த ரெகுலேட்டர். அதுவரை தாக்குப்பிடித்த இணைப்புகள் புதிய அழுத்தத்தில் கசியத் தொடங்கின. உங்கள் வீட்டு ரப்பர் குழாயை இன்று ஒருமுறை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிகிறதா? சிரிம் முத்திரை இருக்கிறதா? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. சோப்புத் தண்ணீரைக் குழைத்து இணைப்புகளில் தடவினால், கசிவு உள்ள இடத்தில் குமிழி எழும்பும். ஐந்து நிமிட வேலை. தீக்குச்சி கொளுத்திக் கசிவைப் பார்க்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது வெடியை நாமே வரவழைப்பது.

குளிருக்காகச் சன்னலை அடைத்துக்கொண்டு, உள்ளே அடுப்போ கரியோ எரிய விட்டு உறங்குவது இன்னொரு வகை ஆபத்து. காற்றோட்டமில்லாத அறையில் வாயு அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அது எரிதலில் பிறப்பது, அதனால் மெர்காப்டனின் உதவி அங்கே கிடையாது, மணமே இராது. இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் சளி என்று எண்ணிப் படுக்காமல் கதவைத் திறந்து வெளியே வாருங்கள்.

இனி, உண்மையிலேயே நாற்றம் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை நேரம். அம்மா அப்பா இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. வீட்டில் நீங்களும் தங்கையும் மட்டும். தோட்டங்களில் இது அபூர்வமான நிலைமை இல்லை. தீயணைப்பு வண்டி தானா ராத்தா பக்கமிருந்து வளைந்து வளைந்து வந்து சேர வேண்டும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்தப் பாதையும் அடைபடும். முதல் பத்து நிமிடம் உங்கள் கையில்தான்.

விளக்கு எரிந்தால் எரியட்டும், அணைந்திருந்தால் அணைந்தே இருக்கட்டும். விசையைப் போட்டாலும் பொறி வரும், நிறுத்தினாலும் பொறி வரும். நியூ லண்டனில் நடந்தது அதுதானே. தோம்பு கைக்கெட்டும் இடத்தில் இருந்து, தீ இல்லையென்றால் ரெகுலேட்டரை மூடுங்கள். போகிற வழியில் கதவுகளையும் சன்னல்களையும் திறந்துவிடுங்கள். குறிப்பாகத் தரைமட்டக் கதவு முக்கியம், ஏனென்றால் வாயு கீழே கிடக்கிறது. எக்சாஸ்ட் விசிறியைத் தொடாதீர்கள். தங்கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள், கைப்பேசியை எடுத்துக்கொண்டாலும் அங்கே பயன்படுத்த வேண்டாம். வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை யாரும் முடுக்கக் கூடாது.

எந்தப் பக்கம் ஓடுவது? கால் தானாகப் பள்ளத்தை நோக்கித்தான் இழுக்கும், இறங்குவது எளிது அல்லவா. வாயுவும் அங்கேதான் போகிறது. மேட்டுப் பக்கம் ஏறுங்கள். ஒரு சிறு திருத்தம் உண்டு. பகலில் வெயில் பட்டால் மலையில் காற்று சரிவில் மேல்நோக்கி வீசும், இரவில்தான் கீழ்நோக்கி இறங்கும். ஆகவே கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று ஒரு கணம் பாருங்கள். காற்று மேலே அடித்தால் நேராக ஏறாமல் பக்கவாட்டில் விலகி, பிறகு ஏறுங்கள். கால்வாய் ஓரத்தில் நிற்காதீர்கள்.

அடுத்து கீழ் லயம். மேலே பத்திரமாக நின்றுகொண்டு உரக்கக் குரல் கொடுங்கள். வாயு இறங்கிய பாதையில் நீங்கள் இறங்க வேண்டாம். இன்று தோட்டத்து வீடுகளில் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். “கேஸ் கசியுது” என்றால் அவர்களுக்குப் புரியாமல் போகலாம். “காஸ் போச்சோர்! காஸ் போச்சோர்!” என்று மலாயில் கூவினால் பெரும்பாலோருக்குப் புரியும்.

பிறகு, போதிய தொலைவு வந்ததும், 999. இங்கேதான் தோட்டத்துக்கென்று ஒரு தொல்லை. நகரத்தில் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் சொன்னால் போதும். லயத்துக்கு அப்படி எதுவும் இராது. “எங்க வீடு மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால” என்றால் கோலாலம்பூரிலோ குவாந்தானிலோ அழைப்பை எடுப்பவருக்கு என்ன தெரியும்? அதனால் இந்த வாரமே ஒரு தாளில் மலாயில் எழுதி வையுங்கள்: தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவு, பெரிய சாலையிலிருந்து எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும், அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர், லாரி ஏறுமா ஏறாதா. தாளை வீட்டுக்குள் ஒட்டாதீர்கள். ஓடும்போது படிக்க முடியாது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சமிக்ஞை எந்த மேட்டில் நன்றாகக் கிடைக்கிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பேசும்போது ‘தோம்பு வாயு’ என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தீ இருக்கிறதா, வெறும் நாற்றமா, கீழே எத்தனை வீடுகள் என்பதையும் சொல்லுங்கள். அழைப்பை நீங்களாகத் துண்டிக்க வேண்டாம். சந்திப்பு வரை ஒருவரை அனுப்பி வண்டிக்குக் கைகாட்டச் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் வழி பிரியும் இடங்களில் பெயர்ப்பலகை இருப்பதில்லை.